சந்தூக்கு டீச்சர்

தெரியாத சொல்லைக் கண்டால் கேளுங்கள், கேட்பதில் வெட்கமே இல்லை என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மும். டீச்சருக்குத் தமிழ்மேல் அவ்வளவு உருக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உருக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய குற்றம் ஒன்று தொண்டையில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரேயொரு சொல். அதை ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால், நாவற்குடாவில் ஒரு சனிக்கிழமை காலை கையில் பன்னீர்ச் செம்போடு நின்று, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று ஏங்கினேன். பூமி பிளக்கவில்லை. (அதுக்கும் என்னைப் பாக்கச் சிரிப்பு வந்திருக்கும்.)

அந்தச் சொல் சந்தூக்கு. எங்கள் பகுதி முஸ்லிம் மக்களிடையே ஒருவர் இறந்தால், அவருடைய உடலை வைத்து, அடக்கம் செய்யும் மையவாடிக்குத் தோளில் சுமந்து போகும் மரத்தாலான பொருள். கட்டில் மாதிரி நீளமாக, நான்கு கைப்பிடிகளோடு இருக்கும். பள்ளிவாசலில் வைத்திருப்பார்கள், யார் வீட்டில் மரணம் நடந்தாலும் அதுதான் போகும். மட்டக்களப்பில் பிறந்து இது தெரியாத ஆளே இல்லை என்று என் கணவர் சொல்லுவார். ஒரு ஆள் இருந்தது. அது அவர் கட்டிய ஆள். அந்த ஆள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது தமிழ்.

எனக்காக நான் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுதான். நான் உன்னிச்சைப் பக்கம் வளர்ந்தவள். குளம், நெல் வட்டை, பள்ளிக்கூடம், கோயில், இவ்வளவுதான் என் உலகம். காத்தான்குடி என்றால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் கடைத்தெரு. கடைத்தெருவில் யாரும் செத்துப்போய் நான் பார்த்ததில்லை. கலியாணம் முடித்து நாவற்குடாவுக்கு வந்த பிறகும், ஐந்து நிமிட ஓட்டோ தூரத்தில் இருந்த காத்தான்குடியை அதே கடைத்தெருவாகத்தான் வைத்திருந்தேன். அந்த ஐந்து நிமிடம், இரண்டு ஊரும் ஒன்றையொன்று பயந்துகொண்டிருந்த சண்டைக் காலத்தில் மிகவும் நீண்டுபோயிருந்தது என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நாவற்குடாவில் எங்களுக்கு ஒரு சமூக சேவைக் கழகம் இருந்தது. தலைவர் தங்கராசா அண்ணன், ஓய்வுபெற்ற தபாலதிபர். செயலாளர் நான். பயன்படாமல் கிடந்த நெல் களஞ்சியம் ஒன்றைக் கேட்டு எடுத்து, அதில் ஒரு பொதுப் பட்டறை தொடங்கினோம். உடைந்த சாமானைக் கொண்டு வாருங்கள், எல்லாரும் கூடியிருந்து திருத்துவோம் என்பதுதான் திட்டம். வவுணதீவிலிருந்து விவசாயிகள் மருந்தடிக்கும் மெசினைக் கொண்டுவந்தார்கள். அயல் வீடுகளிலிருந்து மின்விசிறியும் சைக்கிளும் வந்தன. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுத்தார்.

எனக்கு ஒரு ஆணியும் அடிக்கத் தெரியாது. ஆனால் எழுதத் தெரியும். ஆகவே சுவரில் தொங்கிய ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கீழே அதன் பெயரை எழுதி ஒட்டினேன். சுத்தியலைப் பார்த்தால் சுத்தியல் என்று தெரியாதா தங்கச்சி என்று தலைவர் கேட்டார். தெரியும், ஆனால் சரியான எழுத்துக்கூட்டல் தெரியவேண்டாமா என்று நான் கேட்டேன். அந்த வயதில் நான் இப்படித்தான் இருந்தேன். மற்றவர்கள் என்னை எப்படிச் சகித்தார்கள் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மூன்று மாதமாக எங்கள் ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். பிறகு ஒருநாள் காத்தான்குடியிலிருந்து மஹ்ரூப் காக்கா வந்தார். (காக்கா எண்டா அவங்களுக்கு அண்ணன்.) ஐம்பது வயது, மேசன், தச்சன் என்று எல்லாக் கைவேலையும் தெரிந்தவர், அதிகம் பேசமாட்டார். அவரோடு ஓட்டோவில் வந்து இறங்கியவர் அவருடைய மூத்த சகோதரர் ஆதங்காக்கா. அவர்தான் பெயர்போன தச்சர். வருத்தம் வந்து இடக்கையும் இடக்காலும் விளங்காமல் போய்விட்டன. அந்த இரண்டுக்கும் சேர்த்து வாய் நன்றாக வேலை செய்தது.

தன்னுடைய ஆயுதப் பெட்டியை அப்படியே பட்டறைக்குத் தந்துவிட்டு, வாசலடியில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு ஆதங்காக்கா எல்லாரையும் வேலை வாங்கினார். உளி பிடிக்கத் தெரியாதவனைத் திட்டுவார். பிடித்தவனை, பிடித்த விதத்துக்குத் திட்டுவார். வந்த அன்றே என் எழுத்துகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், என்ர பேரையும் ஒரு கடதாசில எழுதி ஒட்டி விடுங்க. இல்லாட்டி இவனுகள் என்னையும் ஒரு சாமான் எண்டு நினைச்சுத் தூக்கித்துப் போயிருவானுகள்."

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே பட்டறைக்குப் போவதற்குக் கழகப் பற்று பாதிக் காரணம் என்றால், ஆதங்காக்காவின் கதை மற்றப் பாதி.

அவர்கள் வந்து ஒரு மாதத்தில் மஹ்ரூப் காக்கா ஒரு சாமானைக் கழற்றிப் பலகைகளாகக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கால் ஆடுகிறது, பக்கச் சட்டம் ஒன்று பிளந்திருக்கிறது என்றார். பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்: "சந்தூக்". நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். தமிழில் சொல்லுக்கு ஈற்றில் வல்லின மெய் வராது என்று அவருக்கு விளக்கி, "கு" சேர்த்துத் திருத்தி, பதிவேட்டில் "சந்தூக்கு – 1" என்று எழுதினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, வழமைக்கு மாறாகக் கொஞ்சம் பேசினார்.

"டீச்சர், இது பள்ளிவாசல் சாமான். தாறதுக்கு மனமில்லாமத்தான் தந்திரிக்காங்க. இத அங்க கொண்டு போய் ஒண்டுகிடக்க ஒண்டு நடந்தா ஆரு பதில் சொல்லுற எண்டு பள்ளித் தலைவர் ஹாஜியார் கேட்டார். நான் பொறுப்பு எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லித்து எடுத்து வந்த."

"ஒண்டும் நடக்காது காக்கா."

"நல்லபடியாத் திரும்பிப் போனா ஊராக்கள் தங்கட சாமானையும் கொண்டு வருவாங்க. ஏதும் பிழைச்சா அவங்களும் வரமாட்டாங்க, நானும் இஞ்ச வர ஏலாது."

ஆக, எல்லாம் அந்தப் பலகைகளில்தான் தங்கியிருந்தது. அதை நான் நன்றாக விளங்கிக்கொண்டேன். அந்தப் பலகைகள் என்ன என்பதைத் தவிர மற்ற எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லை ஆராய்ந்தேன். சந்தம் என்றால் அழகு. தூக்கு என்றால் தூக்கிச் செல்வது. அழகாகத் தூக்கிச் செல்லப்படுவது சந்தத்தூக்கு. நாளடைவில் மருவிச் சந்தூக்கு. ஆகா, பல்லக்கு! அரசர் காலத்துத் தூய தமிழ்ச் சொல் ஒன்றை இந்த மக்கள் இவ்வளவு காலமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த நாள் பத்தாம் வகுப்புக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தும்விட்டேன். (அதை அழிக்கப் பட்ட பாடு வேற கதை.)

கேட்கவில்லை என்றும் சொல்லமுடியாது. கேட்டேன். சட்டத்தை மஹ்ரூப் காக்கா சீவிக்கொண்டிருந்தபோது, ஆதங்காக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் இருந்து கேட்டேன்.

"ஆதங்காக்கா, இது என்னத்துக்குப் பாவிக்கிற?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும், ஏதோ கதை தொடங்குவதற்குக் கேட்கிறா என்று நினைத்திருப்பார்.

"ஆக்களக் கொண்டு போறதுக்குத்தான் டீச்சர்."

"எப்பிடியான ஆக்கள்?"

"அப்பிடி இப்பிடி எண்டில்ல. பணக்காரனும் இதிலதான், ஏழையும் இதிலதான். ஒரு நாளைக்கு எல்லாரும் ஏறத்தான் வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சமத்துவம்! ஏழையையும் ஒருநாள் பல்லக்கில் ஏற்றிப் பார்க்கும் ஊர்!

"எத்தின பேர் தூக்குவாங்க?"

"நாலு பேர். ஆனா மாறி மாறித் தோள் குடுப்பாங்க. தூக்கிறது பெரிய நன்மை டீச்சர். நான் நீ எண்டு முண்டியடிச்சு வருவானுகள்."

"நீங்க ஏறியிருக்கிங்களா?"

ஆதங்காக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மஹ்ரூப் காக்கா சீவுளியை வைத்துவிட்டு வந்து முதுகைத் தடவிவிடும் அளவுக்குச் சிரித்தார்.

"இன்னும் இல்ல டீச்சர். கெதியா ஏறுவன் போலதான் கிடக்கு."

"ஏன் காக்கா, இவ்வளவு வேலை செய்த உங்கள ஒருக்கா ஏத்தினா என்ன?"

"நம்மட கையில என்ன இரிக்கி? எழுதி இருந்தா ஏறத்தானே வேணும்."

எழுதி இருந்தால்! அவர் சொன்னது விதியை. எனக்குக் கேட்டது அழைப்பிதழ். முறைப்படி பெயர் எழுதி அழைத்தால்தான் ஏறுவது அவர்கள் வழக்கமாக்கும் என்று விளங்கிக்கொண்டேன். எழுதுவதுதானே? அதற்குத்தானே கழகத்தில் நான் இருக்கிறேன்?

பட்டறை ஓடத் தொடங்கி ஐந்து மாதமாகியும் திறப்பு விழா நடக்கவில்லை. (கழகங்களில இது வழமை.) அதை ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு வைத்திருந்தோம். சந்தூக்கு வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. வார்னிஷ் காயட்டும், விழா முடிய லொறி பிடித்துக் கொண்டுபோகிறேன் என்று மஹ்ரூப் காக்கா உள்ளறையில் அதைப் பூட்டி வைத்தார். பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு முடிவெடுத்தேன். விழாவன்று ஆதங்காக்கா ஓட்டோவில் வந்து இறங்கியதும் தெருப் படலையிலிருந்து பட்டறை வாசல்வரை அவரைச் சந்தூக்கில் ஏற்றிக்கொண்டு வரப்போகிறோம். அந்த மனிதர் முகம் எப்படி மலரும் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்கு நித்திரையே இல்லை.

கழகத்துக் கரப்பந்தாட்ட அணியில் பலசாலிகள் நான்கு பேரைப் பிடித்தேன். "ஒரு ஆளத் தூக்கோணும், வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டுத்து வாங்க" என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு என் கணவர் என்னைப் பட்டறையில் இறக்கிவிட்டுக் கதிரை ஏற்றப் போனார். உள்ளறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். விழாவில் தொலைபேசி ஒலிப்பது எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே வாயடைத்துப் பைக்குள் போட்டிருந்தேன்.

சுற்றிவர மஞ்சள் செவ்வந்தி மாலை கட்டினேன். கைப்பிடிகளுக்கு ரோசாக் கடதாசி சுற்றினேன். இன்னும் ஏதோ குறைகிறதே என்று பார்த்துவிட்டு, நல்ல கையெழுத்துள்ள பிள்ளைகளின் கொப்பியில் ஒட்டுவதற்கு நான் வைத்திருக்கும் நட்சத்திரங்களை எடுத்தேன். வெள்ளி நிறம், நடுவில் "மிக நன்று" என்று அச்சடித்திருக்கும். கையிலிருந்த அறுபதையும் சட்டமெங்கும் ஒட்டினேன். கடைசியாக முன்பக்கத்தில் நான் எழுதிய பலகையைக் கட்டினேன்: "எங்கள் ஆதங்காக்கா அவர்களே, ஏறி வருக! வருக!"

எட்டு மணிபோல் படலையில் ஒரு லொறி வந்து நின்றது. நான்கு வெள்ளைச் சட்டைகளையும் வரிசையாக நிறுத்திவிட்டுப் பன்னீர்ச் செம்போடு ஓடினேன். லொறியிலிருந்து இறங்கியவர் பள்ளித் தலைவர் ஹாஜியார். ஒருநாளும் எங்கள் பக்கம் கால் வைக்காதவர். அவரே வந்துவிட்டாரே என்று என் மனம் குளிர்ந்தது. பின்னால் மஹ்ரூப் காக்கா இறங்கி, லொறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. பாவம், விழா வேலையில் நித்திரை முழித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஹாஜியார் வெள்ளை உடுப்பில் நின்ற நான்கு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குச் செய்தி வந்திட்டா மகள்?"

"ஓம் ஹாஜியார். விடியச் சாமத்தில இருந்து எல்லாம் ஆயத்தம். ஆதங்காக்கா எங்க?"

"வீட்ட. குளிப்பாட்டுறாங்க."

எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. கை விளங்காத மனிதரை வேறு ஆட்கள்தானே குளிப்பாட்ட வேண்டும்?

"ஆறுதலாக் குளிச்சிட்டு வரட்டும். ஒரு அவசரமும் இல்ல."

ஹாஜியார் புருவத்தைச் சுருக்கினார். பிறகு வரிசையைக் காட்டி, "இவங்க?" என்றார்.

"தூக்கிறதுக்கு. நம்மட பொடியன்மார். மாறி மாறித் தோள் குடுப்பாங்க."

அந்தக் கடுமையான மனிதரின் முகம் அப்படியே இளகியது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். நான் உங்கட ஆக்களப் பத்திப் பிழையா நினைச்சிருந்தன் மகள். சாமான் எங்க?"

"உள்ளுக்க. வாங்க, காட்டுறன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ கதவைத் திறந்திருக்கிறேன். அந்தக் கதவை மட்டும், திரை விலக்குவதுபோல் இரண்டு கையாலும் விரித்துத் திறந்தேன்.

மஹ்ரூப் காக்கா பலகையைப் பார்த்தார். அவர் உதடு அசைந்து அசைந்து ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பது தெரிந்தது. ஹாஜியார் மாலையைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், என் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

"பல்லக்கு" என்றேன். அந்தக் கணத்திலும் எனக்கு என் ஆராய்ச்சிமேல் நம்பிக்கை இருந்தது.

"மகள்," என்றார் ஹாஜியார் மெதுவாக, "ஆதங்காக்கா விடியச் சுபஹுத் தொழுகை நேரம் மௌத்தாகிட்டாரு. இது மையத்துக் கொண்டு போற சந்தூக்கு."

அப்போது எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. முதலில் வந்தது, வாசலடிக் கதிரையில் இனி அவர் இருக்கமாட்டார் என்பதுதான். அது நெஞ்சில் இறங்கிய பிறகுதான், ஒன்றின்பின் ஒன்றாக, ஆக்களக் கொண்டு போறதுக்கு, எல்லாரும் ஏறத்தான் வேணும், கெதியா ஏறுவன் என்று அவர் சொன்னவை எல்லாம் வந்து விளங்கத் தொடங்கின. நீங்க ஏறியிருக்கிங்களா என்று நான் கேட்டது கடைசியாக விளங்கியது. பன்னீர்ச் செம்பு கைநழுவி விழுந்து உருண்டது.

"தெரிஞ்சு செஞ்சதா, தெரியாமச் செஞ்சதா?" ஹாஜியாரின் குரல் பழையபடி இறுகிவிட்டது.

"தெரியாம."

"நீங்க பள்ளிக்கூடத்தில என்ன படிப்பிக்கிற?"

"தமிழ்."

அவர் மஹ்ரூப் காக்காவின் பக்கம் திரும்பினார். நான் பொறுப்பு என்று எல்லாருக்கும் முன்னால் சொன்ன மனிதர், அண்ணனைப் பறிகொடுத்து நான்கு மணித்தியாலம்கூட ஆகவில்லை, செவ்வந்தி மாலைக்கு முன்னால் நின்றார். இனி இந்தப் பட்டறையின் படலை காத்தான்குடிக்குத் திறக்காது, அதை அடைத்தது என் கைதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மஹ்ரூப் காக்கா போய்ப் பலகையை அவிழ்த்தார். அதை என் கையில் தந்தார்.

"இத இப்ப வைங்க டீச்சர். மறுகா கதைப்பம்."

பிறகு ஹாஜியாரிடம் சொன்னார்: "காக்காவத் தூக்கிறதுக்கு நாலு பேரப் பிடிச்சு வச்சிரிக்காங்க. அவர மதிச்சுச் செஞ்ச வேலை. என்னத்துக்குத் தூக்கிற எண்டு மட்டும்தான் தெரியாமப் போச்சு. பூவக் களட்டுவம் ஹாஜியார், நேரம் போகுது."

மாலையும் கடதாசியும் ஒரு நிமிடத்தில் போயின. நட்சத்திரங்கள் போகவில்லை. புது வார்னிஷில் அறுபது "மிக நன்று" அப்படி ஒட்டிப் பிடித்திருந்தன. மஹ்ரூப் காக்கா ஆதங்காக்காவின் பெட்டியைத் திறந்து மெல்லிய உளிகளை எடுத்து ஆளுக்கொன்று தந்தார். ஹாஜியாரும் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் குந்தினார். அந்த நான்கு பேரும் குந்தினார்கள். நானும் குந்தினேன். மரத்தில் கீறல் விழாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாருமாகச் சுரண்டினோம். உளியை நான் பிடித்த விதத்துக்கு ஆதங்காக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சுரண்டினேன்.

பாதியில் ஹாஜியார் ஒரு நட்சத்திரத்தை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"மிக நன்று. இது என்னத்துக்கு மகள்?"

"பிள்ளைகளுக்கு. வேலையச் சரியாச் செஞ்சு முடிச்சா ஒட்டுறது."

அவர் அதைக் கீழே போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாடிக்குள் ஏதோ அசைந்தது. அது சிரிப்பா என்று சொல்ல எனக்கு அன்று உரிமையிருக்கவில்லை.

ஈரத் துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் ஒற்றி, நான்கு பேரும் சந்தூக்கை லொறியில் ஏற்றினார்கள். இறங்கப்போனவர்களை ஹாஜியார் கையைக் காட்டி மறித்தார்.

"இரிங்க. தூக்கிறதுக்கு எண்டுதானே வந்த? வாங்க."

கதிரைகளோடு என் கணவர் வந்து சேர்ந்தபோது நான் வாசலடியில் ஆதங்காக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். தலைவர் தங்கராசா அண்ணன் செய்தி கேட்டு விடியவே காத்தான்குடிக்குப் போய்விட்டாராம். அங்கிருந்து எனக்குப் பதினொரு முறை அழைத்திருக்கிறார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் துக்கமும் வேறொன்றும் மாறி மாறி வந்தன.

"இஞ்சேருங்க," என்றார் கடைசியில், "சந்தூக்கப் பல்லக்கு எண்டா நினைச்சிங்க?"

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துவாயை எடுத்து வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். விழாவுக்கென்று, எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும் என்று காத்தான்குடிச் சமையல்காரரிடமே சொல்லி வைத்திருந்த எண்பது சோற்றுப் பார்சலையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு போய் மரண வீட்டில் கொடுத்தார். பின்னேரம் வந்து, நம் பொடியன்மார் நான்கு பேரும் மையவாடிவரை மாறி மாறித் தோள் கொடுத்தார்கள் என்று சொன்னார். ஆதங்காக்கா சொன்னபடி, ஊராக்களும் முண்டியடித்தார்களாம்.

இரண்டு கிழமை யாரும் வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பட்டறையைத் திறந்து, கூட்டி, கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தேன். செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று தலைவருக்குக் கடிதமும் எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது, திருத்திக் கொண்டு வா என்று அவர் திருப்பித் தந்துவிட்டார். (பிழை இருக்கல்ல. நான் மூண்டு தரம் பாத்தன்.)

மூன்றாம் கிழமை ஒரு மாலை மஹ்ரூப் காக்கா வந்தார். நேரே போய் அண்ணனின் கதிரையில் இருந்தார்.

"அந்தப் பலகை எங்க டீச்சர்?"

அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து வாசித்தார்.

"ஆதங்காக்கா அவர்களே, ஏறி வருக. எழுதி இருந்தா ஏறத்தான் வேணும் எண்டு காக்கா எப்பவும் சொல்லுவார். அல்லாஹ் எழுதினதப் பாத்து நீங்க கொப்பியடிச்சிரிக்கிங்க டீச்சர்."

நான் அழத் தொடங்கினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அவரும் அழுதார். "காக்கா இதக் கண்டிருந்தா சிரிச்சே மௌத்தாகியிருப்பார்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே கையைக் காட்டினார். படலையில் ஓட்டோ ஒன்று நின்றது. அதற்குள் இரண்டு தையல் மெசின், ஒரு மின்விசிறி, கால் உடைந்த ஒரு சாய்மனைக் கதிரை. "சாய்மனை ஹாஜியார்ட" என்றார்.

இதெல்லாம் நடந்து பல வருடமாகிவிட்டது. காத்தான்குடித் தெருவில் இறங்கினால், நான் படிப்பிக்காத பிள்ளைகளும் "சந்தூக்கு டீச்சர் வாறா" என்று சொல்லிச் சிரிக்கும். என் வீட்டில் இன்னும் மோசம். பிறந்தநாளுக்கு என் மகளின் பெயரைப் பலகையில் எழுத நான் பேனையை எடுத்தால், "அம்மா வேணாம், அப்பா எழுதட்டும்" என்று அவள் ஓடிவந்து பறிப்பாள். தங்கராசா அண்ணனின் எழுபதாவது வயதுக்குக் கழகம் பாராட்டு விழா எடுத்தபோது, வரவேற்புப் பலகை வேண்டவே வேண்டாம் என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பட்டறைப் பதிவேட்டில் அன்றிலிருந்து ஒரு நிரல் கூடியிருக்கிறது: "என்ன பாவனைக்கு?" அதை நிரப்பாமல் ஒரு ஊசியையும் நான் உள்ளே எடுப்பதில்லை.

போன மாதம் அந்தச் சந்தூக்கு திரும்பவும் வந்தது. வேறொரு கால் ஆடுகிறதாம். மஹ்ரூப் காக்காவுக்கு இப்போது தாடி முழுக்க வெள்ளை. அதைப் புரட்டிக் காட்டினார். கீழ்ச் சட்டத்தின் உட்பக்கத்தில், எங்கள் எல்லார் கண்ணுக்கும் தப்பிப்போன ஒரு நட்சத்திரம், வெள்ளி மங்கி, எழுத்து மட்டும் தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் எத்தனையோ பேரை அது சுமந்து போயிருக்கிறது. இரண்டு தரம் வார்னிஷும் அடித்திருக்கிறார். நட்சத்திரத்தில் படாமல் சுற்றிவரத்தான் அடித்திருக்கிறார்.

நான் பதிவேட்டை விரித்துச் சாமானின் பெயரை எழுதினேன். அடுத்த நிரலுக்கு வந்ததும் என் பேனை நின்றது.

"எழுதுங்க டீச்சர்," என்றார் மஹ்ரூப் காக்கா.

"ஆக்களக் கொண்டு போறதுக்கு" என்று எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"சரிதான். ஆர்ர பேரையும் மட்டும் எழுதிராதங்க."